மூன்றாம் நாள் கேள்வி

“டாக்டர், இதைவிடப் பவரான ஆன்டிபயாட்டிக் இருந்தா அதையே போட்டுடுங்க.”

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே நிற்கும் எந்தக் குடும்பமும் சொல்லக்கூடிய வார்த்தை இது. உள்ளே படுத்திருப்பது அம்மாவோ அப்பாவோ. பயத்தில் வரும் பேச்சில் குற்றம் காண ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் ‘பவர்’ என்ற சொல்லில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. வெள்ளைக் கோட்டு போட்டவர்களும் தங்களுக்குள் ‘ஹையர் ஆன்டிபயாட்டிக்’ என்றுதான் பேசிக்கொள்கிறார்கள், ஏதோ மாடிப்படி ஏறுவதுபோல.

ஆன்டிபயாட்டிக்குகளுக்குள் இருக்கும் வேறுபாடு பெரும்பாலும் அகலத்தில்தான் இருக்கிறது. மெரோபெனம், இமிபெனம் போன்ற கார்பபெனம் வகை மருந்துகள் மிகப் பல பாக்டீரியா இனங்களைத் தாக்கும். குடலில் வாழ்பவை, தோலில் வாழ்பவை, காற்றே இல்லாத இடத்தில் வளர்பவை எனப் பலவும் அந்த வலைக்குள் சிக்கும். அதனால் அது ‘பெரிய’ மருந்து. ஒரு குறிப்பிட்ட கிருமியைக் கொல்வதில் சின்ன மருந்தை அது எப்போதும் மிஞ்சும் என்று அதற்குப் பொருளில்லை. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது க்ளாக்சசிலின், செஃபசோலின் போன்ற பழைய மருந்துகளுக்குக் கட்டுப்படும் வகையாக இருந்தால், ‘பெரிய’ மருந்தாகக் கருதப்படும் வான்கோமைசினைவிட அந்தப் பழைய மருந்துகளே நன்றாக வேலை செய்கின்றன. அப்படிப்பட்ட நோயாளிகளை வான்கோமைசினிலேயே வைத்திருந்தபோது இறப்பு அதிகமாக இருந்ததைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. உயர்ந்தது என்று நம்பிக் கொடுத்த மருந்து அந்த இடத்தில் மட்டமான மருந்து.

முதல் ஒரு மணி நேரம்

கற்பனையாக ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். 62 வயதுப் பெண்மணி. சிறுநீர்ப் பாதையில் தொடங்கிய தொற்று ரத்தத்தில் கலந்துவிட்டது. உடம்பு தூக்கிப்போடும் குளிர் நடுக்கம், இறங்கிக்கொண்டே போகும் ரத்த அழுத்தம், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில். கிருமி எது என்று இன்னும் யாருக்கும் தெரியாது.

இந்த நிலையில் சிக்கனம் பார்ப்பவர் நல்ல மருத்துவர் இல்லை. செப்சிஸ் (தொற்றால் உடலுறுப்புகளே தடுமாறும் நிலை) சிகிச்சைக்கான 2021ஆம் ஆண்டு சர்வதேச வழிகாட்டுதல், நோயாளி ரத்த அழுத்தம் சரிந்த ‘ஷாக்’ நிலையில் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் உள்ளே போக வேண்டும் என்கிறது. எதிராளியின் முகம் தெரியாதபோது அகலமான வலையைத்தான் வீச முடியும். அந்த மருத்துவமனையில் எந்தக் கிருமிகள் சுற்றிவருகின்றன, எவை எந்த மருந்துக்குக் கட்டுப்படுவதில்லை என்ற பழைய கணக்கை வைத்துக்கொண்டு செய்யும் ஊகம் இது. அந்தக் கணக்குப்படி மெரோபெனம்தான் சரி என்றால் அதையே தொடங்க வேண்டும்.

‘பெரிய மருந்தைத் தொடாதே’ என்று மட்டும் பிரச்சாரம் செய்பவர்கள் ஓர் ஆய்வை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ரத்தத்தில் ஈ.கோலி அல்லது கிளெப்சியெல்லா என்ற குடல் கிருமி, அதுவும் செஃப்ட்ரியாக்சோன் என்ற மருந்துக்குக் கட்டுப்படாத வகை. இந்த நோயாளிகளுக்கு கார்பபெனத்தைத் தவிர்த்து பைபராசிலின்-டாசோபாக்டம் கொடுத்தால் போதுமா என்று பார்த்தது மெரினோ ஆய்வு. ஆய்வகச் சோதனையில் இரண்டு மருந்துக்குமே கிருமி கட்டுப்பட்டிருந்தது. 2018இல் வெளியான முடிவில், 30 நாளுக்குள் இறந்தவர்கள் மெரோபெனம் பிரிவில் 3.7 சதவீதம், மற்றப் பிரிவில் 12.3 சதவீதம். கார்பபெனத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற நல்ல எண்ணம் அங்கே நோயாளிகளைக் காப்பாற்றவில்லை. தேவைப்படும்போது தயங்காமல் கொடுப்பதும் பொறுப்பான பயன்பாட்டில் சேர்த்திதான்.

ஆகவே முதல் நாள் மெரோபெனம் போட்டதில் பிழை தேட வேண்டியதில்லை. அதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தில் இன்னொரு வேலை நடந்ததா என்பதுதான் கேள்வி.

தட்டில் தெரியும் வளையம்

அந்த வேலை, மருந்து ஏறுவதற்கு முன்பே கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, ரத்தம் எடுப்பது. ஒரு குப்பிக்கு 8 முதல் 10 மில்லி வீதம், இரண்டு வெவ்வேறு இடங்களில் ஊசி குத்தி எடுக்க வேண்டும். மருந்து ஏறிய பிறகு எடுத்தால், கிருமி இருந்தும் குப்பியில் வளராமல் போகலாம். பிறகு யாருக்கும் எதுவும் தெரியாமல், அதே அகல வலையை வீசிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

குப்பிகள் ஆய்வகத்தில் ஒரு கருவிக்குள் போகின்றன. உடல் வெப்பத்தில் இதமாக ஆட்டிவிடப்படுகின்றன. கிருமி பெருகினால் கரியமில வாயு வெளியாகும். குப்பியின் அடியில் இருக்கும் உணரி நிறம் மாறும், கருவி சத்தமிடும். உடனே ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி கிராம் சாயம் ஏற்றுவார்கள். ஊதா உருண்டைகளா, இளஞ்சிவப்புக் குச்சிகளா? இந்த ஒரு வரித் தகவலே தொலைபேசியில் சொல்ல வேண்டிய அளவுக்கு முக்கியம். ஊதா உருண்டை என்றால் ஒரு குடும்பம், சிவப்புக் குச்சி என்றால் முற்றிலும் வேறு குடும்பம்.

அடுத்து, வளர்ந்த கிருமியை வெளிர்மஞ்சள் அகார் (கிருமி வளர்க்கும் கூழ்) தட்டு முழுக்கப் பூசி, மேலே சின்னச் சின்ன காகித வில்லைகளை வைப்பார்கள். ஒவ்வொரு வில்லையிலும் ஒரு மருந்து. இரவு முழுக்க மருந்து அகாருக்குள் கசிந்து பரவும். காலையில் தட்டைத் திறந்தால் கிருமிகள் பனிபோல் மூடியிருக்கும். மருந்து வேலை செய்த வில்லையைச் சுற்றி மட்டும் தெளிவான வட்டம். அந்த வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, அட்டவணையோடு ஒப்பிட்டு, கட்டுப்படும் அல்லது கட்டுப்படாது என்று எழுதுகிறார்கள். சில வில்லைகளைச் சுற்றி வட்டமே இருக்காது, ஒட்டி வளர்ந்திருக்கும். தானியங்கிக் கருவிகள் வந்த பின்னும் இந்தத் தட்டு போகவில்லை. மருந்துக்குக் கிருமி காட்டும் எதிர்ப்பு என்றால் என்ன என்று கேட்கும் யாருக்கும் அதைக் காட்டினால் போதும், வேறு விளக்கம் வேண்டாம்.

இதற்கெல்லாம் இரண்டு அல்லது மூன்று நாள் ஆகும். முடிவு வருவது ஏறத்தாழ மூன்றாம் நாள்.

நம் நோயாளிக்கு வந்த ரிப்போர்ட் இது: ஈ.கோலி. மெரோபெனத்துக்குக் கட்டுப்படும். செஃப்ட்ரியாக்சோனுக்கும் கட்டுப்படும். கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரைக்கும் கட்டுப்படும். காய்ச்சல் இறங்கிவிட்டது, ரத்த அழுத்தம் நிலைபெற்றுவிட்டது. இப்போது மெரோபெனத்தை என்ன செய்வது?

பல மருத்துவமனைகளில் ஒன்றும் செய்வதில்லை. “நல்லாத்தானே போயிட்டிருக்கு, எதுக்குக் கை வைக்கணும்?” நோயாளி தேறுவதே மருந்தைத் தொடரக் காரணமாகிவிடுகிறது. தேறாவிட்டால் இன்னொரு மருந்து சேரும். இரண்டு பக்கமும் கூட்டல்தான், கழித்தலே இல்லை. ரிப்போர்ட் வந்த நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கலாம். தொடங்கிய மருத்துவர் வேறு, இன்று ரவுண்ட்ஸ் வருபவர் வேறாக இருக்கலாம். இவற்றையெல்லாம்விட ஆழமான காரணம் ஒன்று உண்டு. மருந்தை நிறுத்தி, பிறகு நோயாளிக்கு ஏதாவது ஆனால் நிறுத்தியவரைக் கேட்பார்கள். நிறுத்தாமல் பத்து நாள் ஓட்டி, மூன்று மாதம் கழித்து பக்கத்துப் படுக்கை நோயாளிக்கு எந்த மருந்துக்கும் கட்டுப்படாத தொற்று வந்தால் யாரையும் கேட்க மாட்டார்கள். பழி இப்படி ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்போது மருத்துவர்களுக்கு அறிவுரை சொல்லிப் பயனில்லை என்பது என் எண்ணம். நிறுத்துவதற்குப் பின்னால் நிறுவனமே துணை நிற்க வேண்டும்.

உடம்பு பழகுவதில்லை

“அடிக்கடி மருந்து சாப்பிட்டு உடம்பு பழகிப்போச்சு, அதான் கேக்க மாட்டேங்குது” என்று சொல்வோம். பழகுவது உடம்பல்ல, கிருமி. அதிலும் ‘பழகுவது’ என்பதுகூடச் சரியான சொல் இல்லை. ஏற்கெனவே எதிர்ப்பு கொண்ட சிலர் கூட்டத்தில் இருக்கிறார்கள். மருந்து மற்றவர்களைக் கொன்று அவர்களுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது. கனடாவின் யூக்கான் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணில்கூட எதிர்ப்பு மரபணுக்கள் இருந்ததை 2011இல் கண்டுபிடித்தார்கள். பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் ஒன்றோடொன்று நடத்திய பழம்போரின் ஆயுதங்கள் அவை. பெனிசிலினைச் சிதைக்கும் நொதியைப் பற்றி 1940லேயே ஏபிரகாம், செயின் என்ற விஞ்ஞானிகள் எழுதிவிட்டார்கள், அந்த மருந்து நோயாளிகளிடம் பரவலாகப் போய்ச் சேர்வதற்கும் முன்பே.

நம் நோயாளிக்கு மருந்து தேவைப்பட்டது ரத்தத்திலும் சிறுநீர்ப் பாதையிலும். ஆனால் டிரிப்பில் ஏறும் மருந்துக்கு அந்த முகவரி தெரியாது. குடலில் இருக்கும் லட்சம் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் மீதும் அதன் கை படுகிறது. நோய் எதையும் செய்யாமல் காலங்காலமாகக் குடியிருந்தவை செத்து ஒழிகின்றன. காலியான வீட்டில் எதிர்ப்புக் கிருமிகள் குடியேறுகின்றன. சில சமயம் க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் வந்து உயிரை வாங்கும் வயிற்றுப்போக்கைத் தருகிறது. நோயாளிக்கு அப்போது எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கலாம். அந்தக் கிருமிகளைச் சுமந்துகொண்டே வீட்டுக்குப் போவார், அல்லது அடுத்த வார்டுக்கு.

ஈ.கோலி, கிளெப்சியெல்லா போன்றவை எதிர்ப்பு மரபணுக்களை பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையத்தில் வைத்திருக்கும். பக்கத்தில் இருக்கும் வேறு இனத்துக்கும் அதன் நகலைக் கைமாற்றிவிடும். ஒரே வளையத்தில் நான்கைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு சேர்ந்து இருப்பதும் உண்டு. அதனால் ஒரு மருந்தை அதிகம் பயன்படுத்தினால் தொடாத மருந்துகளுக்கும் எதிர்ப்பு கூடும்.

இப்படிப் பரவியவற்றில் பேர்பெற்றது என்டிஎம்-1 (நியூ டெல்லி மெட்டாலோ-பீட்டா-லாக்டமேஸ்). கார்பபெனம் மருந்துகளை வெட்டிப்போடும் நொதி இது. வேலை செய்வதற்குத் துத்தநாகம் தேவை. புதுடெல்லியில் சிகிச்சை பெற்றுவிட்டு சுவீடன் திரும்பிய ஒருவரின் கிளெப்சியெல்லாவில் 2008இல் கண்டறியப்பட்டு, 2009இல் அறிவிக்கப்பட்டது. பெயரில் நகரத்தைச் சேர்த்ததால் பெரும் சர்ச்சை எழுந்தது. சர்ச்சையில் நியாயம் இருந்தது, ஏனென்றால் இதே வேலையைச் செய்யும், அமெரிக்காவில் முதலில் கண்ட கேபிசி நொதிக்கோ, துருக்கியில் முதலில் கண்ட ஆக்சா-48 நொதிக்கோ ஊர்ப்பெயர் யாரும் வைக்கவில்லை. பெயர்ச் சண்டை ஓய்வதற்குள் நொதி கண்டம் கண்டமாகப் போய்விட்டது.

‘கார்பபெனத்துக்குக் கட்டுப்படவில்லை’ என்று ரிப்போர்ட்டில் ஒரே வரியாக வரும். அதற்குப் பின்னால் இருப்பது ஒரே காரணமாக இருப்பதில்லை. 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்ற கூட்டு மருந்து கேபிசி இருந்தாலும் ஆக்சா-48 இருந்தாலும் வேலை செய்யும். என்டிஎம் இருந்தால் செய்யாது. என்டிஎம் நொதியால் வெட்ட முடியாத பழைய மருந்து ஒன்று உண்டு, அஸ்ட்ரியோனம். ஆனால் என்டிஎம் வைத்திருக்கும் கிருமி சாதாரணமாக வேறு சில நொதிகளையும் சேர்த்தே வைத்திருக்கும். அவை அஸ்ட்ரியோனத்தை வெட்டிவிடும். அந்த மற்ற நொதிகளை அவிபாக்டம் கட்டிப்போடும். ஆக இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஒன்று காவல், ஒன்று தாக்குதல். பூட்டு எது என்று தெரிந்தால்தான் இந்தச் சாவியை எடுக்க முடியும். நொதியின் வகையைச் சொல்லும் சோதனை இல்லாத மருத்துவமனையில் கடைசிக்கென்று ஒதுக்கி வைத்த மருந்தும் குருட்டாம்போக்கில்தான் போகிறது.

பரணிலிருந்து இறக்கிய மருந்து

கார்பபெனமும் கைவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்குப் பல ஆண்டுகளாகப் பதில் கோலிஸ்டின். புதிய மருந்து என்று நினைத்துவிட வேண்டாம். 1940களின் கடைசியில் கண்டுபிடித்தது. சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கிறது என்பதால் 1970களில் பெரும்பாலும் மூட்டை கட்டி வைத்தார்கள். அசினெட்டோபாக்டர் என்ற மருத்துவமனைக் கிருமியும் கிளெப்சியெல்லாவும் எல்லா மருந்தையும் தாண்டிய பிறகு வேறு வழியில்லாமல் பரணிலிருந்து இறக்கினார்கள்.

‘கடைசி ஆயுதம்’ என்று பேப்பரில் எழுதும்போது மகாசக்தி வாய்ந்த ஏதோ ஒன்று மனதில் தோன்றும். நிஜத்தில் கோலிஸ்டினைப்போல் கையாளச் சிரமமான மருந்து குறைவு. ஊசியில் இருப்பது செயலற்ற முன்வடிவம். உடலுக்குள் போய்த்தான் மருந்தாக மாறும். முதலில் ஒரு பெரிய டோஸ் கொடுக்காவிட்டால் ரத்தத்தில் தேவையான அளவு சேர இரண்டு மூன்று நாள் ஆகிவிடும், உயிர் ஊசலாடும் நேரத்தில். அளவு சொல்வதிலும் குழப்பம். சில நாடுகளில் யூனிட் கணக்கு, சில நாடுகளில் மில்லிகிராம் கணக்கு. அந்த மில்லிகிராமும் ஒரே பொருளின் எடையைக் குறிப்பதில்லை: 10 லட்சம் யூனிட் என்பது ஒரு கணக்கில் 80 மில்லிகிராம், இன்னொரு கணக்கில் சுமார் 33 மில்லிகிராம். புத்தகம் ஒரு நாட்டிலிருந்தும் மருந்துப் பெட்டி இன்னொரு நாட்டிலிருந்தும் வந்திருந்தால் டோஸ் தவறிப்போக எல்லா வாய்ப்பும் உண்டு.

மேலே சொன்ன காகித வில்லைச் சோதனையும் கோலிஸ்டினிடம் தோற்றுவிடும். மூலக்கூறு பெரியது, அகாருக்குள் சரியாகக் கசிந்து பரவாது. வட்டத்தின் அளவை நம்ப முடியாது. திரவத்தில் செய்யும் நுண்சோதனை வேண்டும். 2020இல் அமெரிக்காவின் ஆய்வகத் தர நிர்ணய அமைப்பு, ஈ.கோலி போன்ற குடல் கிருமிகள், சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர் ஆகியவற்றுக்கு கோலிஸ்டினில் ‘கட்டுப்படும்’ என்ற கட்டத்தையே எடுத்துவிட்டது. ‘இடைநிலை’, ‘கட்டுப்படாது’ என்ற இரண்டுதான் மிச்சம். நல்ல செய்தி எழுத இடமே இல்லாத படிவம்.

இதற்கிடையில் 2015 நவம்பரில் சீனாவிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. எம்சிஆர்-1 என்ற மரபணு கோலிஸ்டின் எதிர்ப்பை பிளாஸ்மிட் மூலம் கைமாற்றுகிறது. பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளிகளிலும் இருக்கிறது. மருத்துவமனையில் பூட்டி வைத்துத் துளித்துளியாகக் கொடுத்த மருந்தைப் பண்ணைகளில் விலங்குகள் கொழுப்பதற்குத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2017இல் சீனா அதைத் தடுத்தது. 2019இல் இந்தியா உணவுக்கான விலங்குகளில் கோலிஸ்டினைத் தடை செய்தது. கல்ச்சர், டோஸ் என்று மருத்துவமனைக்குள் எவ்வளவு கறாராக இருந்தாலும் வேலிக்கு வெளியே நடப்பது உள்ளே வந்து சேரும் என்பதற்கு இதைவிட வெளிப்படையான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

எத்தனை நாள்?

மூன்றாம் நாள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. மருந்து இன்னும் எத்தனை நாள்? 7, 10, 14 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன என்று தேடினால் பெரும்பாலும் வாரத்துக்கு ஏழு நாள் என்பதும் கைக்குப் பத்து விரல் என்பதும்தான் ஆதாரமாக மிஞ்சும். அண்மை ஆண்டுகளில்தான் இதைச் சரியாகச் சோதித்துப் பார்த்தார்கள். ரத்தத் தொற்று உள்ள 3,608 நோயாளிகளை 7 நாடுகளில் 74 மருத்துவமனைகளில் எடுத்து, பாதிப் பேருக்கு 7 நாள், பாதிப் பேருக்கு 14 நாள் மருந்து கொடுத்தது பேலன்ஸ் ஆய்வு. 2024இல் வந்த முடிவு: 90 நாளுக்குள் இறந்தவர்கள் 7 நாள் பிரிவில் 14.5 சதவீதம், 14 நாள் பிரிவில் 16.1 சதவீதம். குறைந்த நாள் மோசமாக இல்லை. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் தொற்று உள்ளவர்களையும் நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றியவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. இதய வால்வுத் தொற்று, எலும்புத் தொற்று, காசநோய் ஆகியவற்றுக்கு நாள் கணக்கு முற்றிலும் வேறு. ஆகவே மாத்திரையை நோயாளி தானாக நிறுத்தலாம் என்று யாரும் இதைப் படித்துவிடக் கூடாது. நாளைக் குறைக்கும் முடிவை எடுக்க வேண்டியவர் மருந்தை எழுதியவர்.

நாள் எண்ணுவதற்கு முன்னால், இது தொற்றுதானா என்ற கேள்வியும் உண்டு. சிறுநீர் கதீட்டர் (சிறுநீர் வடிக்கும் குழாய்) போட்டவரின் சிறுநீரில் ஒவ்வொரு நாளும் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம். ஒரு மாதம் இருந்தால் அநேகமாக எல்லோருக்கும் இருக்கும். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, ஆனாலும் ‘சும்மா ஒரு கல்ச்சர்’ அனுப்பினால் கிருமி வளர்ந்து வரும். வென்டிலேட்டர் குழாயில் எடுத்த சளியிலும் அப்படியே. ரிப்போர்ட்டில் அசினெட்டோபாக்டர் என்று பார்த்ததும் கை கோலிஸ்டின் பக்கம் போகும். குழாயில் குடியிருப்பது ஒன்று, நுரையீரலைத் தாக்குவது இன்னொன்று. காகிதத்துக்கு வைத்தியம் பார்ப்பது என்று இதைச் சொல்வார்கள். உயர்நிலை மருந்துகள் வீணாகும் வழிகளில் இதுவே பெரியது என்று சந்தேகிக்கிறேன்.

அறுவை சிகிச்சையில் இன்னும் எளிமை: கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஒரு டோஸ், பெரும்பாலான சிகிச்சைகளில் அதோடு சரி. காயம் ஆறும்வரை ஐந்து நாள் ஓட்டுவது காயத்தைக் காப்பதில்லை.

நிறுத்துவதற்கு ஓர் ஆள்

பொறுப்பை நிறுவனம் எடுத்துக்கொள்வது நடைமுறையில் எப்படி இருக்கும்? தொற்றுநோய் மருத்துவர், நுண்ணுயிரியலாளர், மருத்துவமனை மருந்தாளுநர், தொற்றுத் தடுப்புச் செவிலியர் சேர்ந்த ஒரு குழு. இரண்டு வழிகளில் வேலை செய்வார்கள். ஒன்று, சில மருந்துகளை முன் அனுமதி இல்லாமல் தருவதில்லை. மற்றது, யாரும் எதையும் தொடங்கலாம், ஆனால் 48 முதல் 72 மணி நேரத்தில் குழு வந்து பார்க்கும்: ஏன் தொடங்கினீர்கள், கல்ச்சர் என்ன சொல்கிறது, இதைக் குறுக்கலாமா, மாத்திரைக்கு மாற்றலாமா, எந்தத் தேதியில் நிறுத்துவது?

முதல் வழி கண்ணுக்குத் தெரியும் வெற்றியைத் தரும். ஆனால் பூட்டு மட்டும் போதாது. நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் செஃபலோஸ்போரின் (செஃப்ட்ரியாக்சோன் சேர்ந்த குடும்பம்) மருந்துகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தினார்கள்; பயன்பாடு 80 சதவீதம் குறைந்தது. அந்த மருந்துக்குக் கட்டுப்படாத கிளெப்சியெல்லா 44 சதவீதம் குறைந்தது. அதே சமயம் மருத்துவர்கள் இமிபெனத்துக்குத் தாவினார்கள்; இமிபெனத்துக்குக் கட்டுப்படாத சூடோமோனாஸ் 69 சதவீதம் கூடியது. 1998இல் வெளியான இந்தக் கணக்கு இன்றும் வேலை செய்கிறது. எனக்கு இரண்டாம் வழிதான் பிடித்திருக்கிறது. மெதுவானது, ஆள் வேண்டும், தினமும் பேச வேண்டும். ஆனால் எழுதிய மருத்துவரோடு சேர்ந்து முடிவெடுப்பதால் நிறுத்தும் பழி ஒருவர் தலையில் விழுவதில்லை.

உலக அளவில் இதே கணக்கை வைக்கத்தான் உலக சுகாதார நிறுவனம் 2017இல் ஆன்டிபயாட்டிக்குகளை மூன்றாகப் பிரித்தது: தாராளமாகக் கிடைக்க வேண்டியவை, கண்காணிக்க வேண்டியவை, ஒதுக்கி வைக்க வேண்டியவை. அமாக்சிசிலின், க்ளாக்சசிலின், அமிக்காசின் முதல் வரிசையில். செஃப்ட்ரியாக்சோன், மெரோபெனம், வான்கோமைசின் இரண்டாவதில். கோலிஸ்டின், செஃப்டாசிடிம்-அவிபாக்டம் மூன்றாவதில். மனிதர்களுக்குப் பயன்படும் ஆன்டிபயாட்டிக்குகளில் குறைந்தது 70 சதவீதம் முதல் வரிசையிலிருந்து வர வேண்டும், 2030க்குள் எதிர்ப்புக் கிருமிகளோடு தொடர்புடைய இறப்பை 10 சதவீதம் குறைக்க வேண்டும் என்று 2024 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் நாடுகள் ஒப்புக்கொண்டன. குறைக்க வேண்டிய அந்த எண் 2019இல் 49.5 லட்சம். அதில் 12.7 லட்சம் பேரின் இறப்புக்கு எதிர்ப்பே நேரடிக் காரணம் என்பது 2022இல் வெளியான மதிப்பீடு.

புது மருந்து வந்து எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று காத்திருப்பவர்களுக்கு பிளாசோமைசினின் கதை. 2018 ஜூனில் அமெரிக்க அனுமதி பெற்றது. அதை உருவாக்கிய அக்கேயோஜென் நிறுவனம் 2019 ஏப்ரலில் திவால் மனு போட்டது. மருந்தில் கோளாறில்லை. நல்ல ஆன்டிபயாட்டிக்கை எவ்வளவு குறைவாக விற்கிறோமோ அவ்வளவு நல்லது. எந்த வியாபாரம் இதைத் தாங்கும்? இங்கிலாந்து 2022இல் வேறு வழி பார்த்தது: எத்தனை குப்பி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒரு மருந்துக்கு ஆண்டுக்கு 1 கோடி பவுண்டு வரை நிலையான கட்டணம். தீயணைப்பு நிலையத்துக்குத் தீ எண்ணிக்கை பார்த்தா சம்பளம் தருகிறோம்?

கடைசியாக ஒன்று, சிங்க். கைகழுவும் தொட்டியின் அடிக்குழாய் வளைவில் கார்பபெனத்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பிசுபிசுப்பான படலமாகத் தங்கிவிடும். ஆய்வகத்தில் தொட்டிகளை அமைத்துப் பார்த்த 2017ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், ஈ.கோலி அந்த வளைவிலிருந்து குழாய்ச் சுவர் வழியே நாளுக்கு ஓர் அங்குலம் மேலே ஏறி, வடிகட்டியை எட்டியது. மேலிருந்து குழாய்த்தண்ணீர் விழுந்ததும் சுற்றிலும் தெறித்தது. நோயாளியின் மிச்ச டிரிப்பை, மருந்து கலந்த தண்ணீரை அதே தொட்டியில் கொட்டினால் அவற்றுக்கு உணவும் பயிற்சியும் சேர்ந்து கிடைக்கிறது. கை கழுவுவதால் தடுக்கும் ஒவ்வொரு தொற்றும் எழுதப்படாத ஒரு மெரோபெனம் சீட்டு. கை கழுவும் இடத்தையே கழுவ வேண்டியிருக்கிறது என்பதுதான் வேடிக்கை.

நம் நோயாளிக்கு வருவோம். மூன்றாம் நாள் காலை மெரோபெனம் நின்றது, செஃப்ட்ரியாக்சோன் தொடங்கியது. ஐந்தாம் நாள் கையிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு மாத்திரை. மகன் தாழ்வாரத்தில் மருத்துவரை மறித்தார்.

“நல்லாக் கேட்டுட்டிருந்த மருந்தை எதுக்கு டாக்டர் மாத்தினீங்க? சின்ன மருந்து போதுமா?”

“அன்னிக்கு யாருன்னு தெரியல தம்பி, அதனால எல்லாரையும் அடிச்சோம். இப்போ ஆள் யாருன்னு தெரிஞ்சிடுச்சு.” மருத்துவர் கோப்பைத் திருப்பிக் காட்டினார். மாத்திரையின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு தேதி வட்டமிடப்பட்டிருந்தது. “இன்னும் ரெண்டு நாள். அதோட நிறுத்திடுவோம்.”